இரண்டு வட்டில் நத்தை

நத்தையை ஓட்டோடு கல்லில் வைத்து நசுக்கினால் வரும் சேற்று வீச்சம், எத்தனை சீயக்காய் போட்டுக் கழுவினாலும் விரலை விட்டுப் போகாது. திண்டிவனத்தை அடுத்த ஒலக்கூர்ப் பக்கத்து எங்கள் ஊரில், எனக்குப் பத்து வயதான அந்த ஐப்பசி மழை தொடங்கித் தை வரைக்கும் அந்த வீச்சத்தோடுதான் பள்ளிக்கூடம் போனேன்.

அப்பாவின் அக்காவான என் அத்தைக்குக் கையகல நிலம் கிடையாது. அறுத்த வயல்களில் ஓட்டி மேய்க்கும் நாற்பது "நாட்டு வாத்து"தான் அவள் பிழைப்பு. பிளாக் ஆபீசிலிருந்து வந்த கிராம சேவக் "சீமை வாத்து"க் குஞ்சு நான்கைக் கொடுத்து, அதே வாரம் பொரித்த நாட்டுக் குஞ்சு நான்கோடு ஒரே தீனி போட்டு வளர்த்து, எது பெருக்கிறது, எதன் கறி நன்றாயிருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். வெள்ளைச் சீமை ஜெயித்தால் மந்தையையே மாற்றிவிடுவது என்று அத்தை முடிவு கட்டியிருந்தாள். கேப்பைக் களியை அவள் அளந்து போடுவாள்; நத்தை பொறுக்கி நசுக்கி இரண்டு வட்டிலிலும் சரிபாதியாகப் போடுவது என் வேலை.

நான் சரிபாதியாகப் போடவில்லை. நாட்டுக் குஞ்சுகள் என்னைக் கண்டாலே வேலியோரம் ஒதுங்கும், சீமைக் குஞ்சுகளோ பாவாடையைப் பிடித்து இழுக்கும். முதலில் ஒரு கை கூடுதலாகப் போட்டேன், கார்த்திகை பிறந்தபோது முக்கால்வாசி நத்தை அவற்றுக்கே போயிற்று. வெள்ளிக்கிழமைதோறும் கடைக்காரர் தராசில் குஞ்சுகளை ஏற்றும்போது சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன், அடிக்குப் பயந்து மூடிக்கொள்வேன்.

கடைசி நிறுவையில் வெள்ளை ஒன்று, நாட்டு வாத்து இரண்டுக்குச் சமமாக நின்றது. அத்தை தட்டையே பார்த்திருந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"சரிபாதியாத்தான போட்டுக்கினு வந்த?"

"ஆமா அத்த."

அன்றே இரண்டிலும் ஒவ்வொன்றை அறுத்துத் தனித்தனிச் சட்டியில் குழம்பு வைத்தார்கள். வெள்ளையின் கறி ஒரே கொழுப்பு, வாயில் வழுக்கியது. நாட்டுக் கறி நின்று வெந்து, காரம் பிடித்து, எலும்புவரை ருசித்தது. அப்பா மறுபடியும் நாட்டுச் சட்டிக்கே கை நீட்டியபோது, மந்தை பிழைத்தது என்று எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அத்தை அவரைப் பார்த்துச் சிரித்தாள். "சந்தையில தூக்கிப் பாத்துதான்டா வாங்குறான். தின்னு பாத்தா வாங்குறான்?"

பொங்கல் கழிந்த வாரம் நாட்டு மந்தை முழுவதும் விழுப்புரம் சந்தைக்குப் போயிற்று. அதற்குப் பதிலாக வந்த வெள்ளைகள், மாசியில் வயல் காய்ந்து நத்தை அற்றதும், வரப்பு வரப்பாக நடந்து மேயத் தெரியாமல் கொட்டகையிலேயே உட்கார்ந்து கத்தின. வைகாசிக்குள் ஒன்றிரண்டாக எல்லாம் செத்தன. அத்தை மல்லாட்டைச் செடியில் கடலை ஆயக் கூலிக்குப் போனாள். கேட்டவர்களிடம், "இன்னா பண்றது, என் கை ராசி அப்படி" என்றாள்.

சரியாகப் போட்டிருந்தாலும் வெள்ளை பெருத்துத்தான் இருக்கும் என்று, கால்நடை மருத்துவரான என் மருமகன் ஆறுதல் சொல்கிறார். எவ்வளவு என்று இனி நிறுத்துப் பார்க்க முடியாது. எங்கள் ஊர் வயல்களில் இப்போது வாத்து மேய்ப்பவரும் இல்லை, மருந்தடித்த சேற்றில் நத்தையும் இல்லை. அத்தை படுக்கையில் கிடந்த கடைசி நாட்களில் பார்க்கப் போயிருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம், "எனக்கு நத்த பொறுக்கிக் குடுத்த கை இதான்" என்றாள். நான் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, உண்மையைச் சொல்லவும் இல்லை.