செவலை இறங்கிய மாடி

கவலைப்படுவதில் எனக்கு இன்றைக்கும் குறைச்சல் இல்லை. கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள் நான். ஆனால் கர்ணப் புறாவைப் பற்றிப் பேச்சு வந்தால் யாருக்கும் பயப்பட மாட்டேன். ஆகாயத்தில் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே விழுகிற அந்தப் புறாவைக் கூப்பிட்டதும் மாடிக்கு இறக்குவது எப்படி என்று பன்னிரண்டு வயதிலேயே எனக்குத் தெரியும். தேவைக்கு மேலேயே தெரியும். வம்பு வந்ததும் அதனால்தான்.

ஏழாவது முழுப்பரீட்சைக்கு முதல் நாள் பயத்திலேயே ஜுரம் வந்து படுத்தவள், ஜுரம் விட்ட பிறகும் பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மாவின் தம்பி, என் மாமா, அப்போது எங்களோடுதான் இருந்தார். பேகோபுரத் தெருவுக்குப் பின்னால் எங்கள் வீடு. மாடியில் மாமாவின் கூண்டு. அதில் எட்டுக் கர்ணப் புறாக்கள். அந்த வருஷம் மாமாவுக்குப் பெங்களூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை கிடைத்தது. வீட்டில் சும்மா இருக்கிற ஆள் நான் ஒருத்திதான் என்பதால் கூண்டுச் சாவி என் கைக்கு வந்தது.

மாமா சொல்லிக்கொடுத்தது சின்ன வித்தை. சாயங்காலம் தீனி போடுவதற்கு முன்னால், பசியோடு பறக்க விட வேண்டும். அரைமணி நேரம் சுற்றிக் கர்ணம் போடட்டும். பிறகு பால்பவுடர் டப்பாவில் ஒரு பிடி கம்பைப் போட்டுக் குலுக்க வேண்டும். சத்தம் கேட்டதும் இறங்கினால் முழுத் தீனி, சுணங்கினால் பாதி. “அவ்ளோதான்டி. பதினஞ்சு நாள்ல உன் பின்னாடியே வரும்” என்றார்.

அந்த அரைமணி நேரத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மலைப் பக்கமிருந்து பைரி வந்துவிட்டால்? ஒரே பாய்ச்சலில் புறாவை அடித்துத் தூக்கிக்கொண்டு போகிற பறவை அது. கோபுரத்துப் புறாக்களோடு சேர்ந்துகொண்டு போய்விட்டால்? மழை பிடித்துக்கொண்டால்? முதல் வாரம் பதினைந்து நிமிஷத்தில் டப்பாவைக் குலுக்கினேன். அடுத்த வாரம் ஐந்து. அப்புறம், புறாக்கள் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதுமே கை தானாகக் குலுக்கியது. அவையும் புத்திசாலிகள். மேலே போய் உடம்பை வருத்திக்கொள்ளாமலே கீழே கம்பு கிடைக்கிறது என்று தெரிந்தபின் யார்தான் கர்ணம் போடுவார்கள்? இரண்டு மாதத்தில் ஒரே ஒரு வட்டம் அடித்துவிட்டு, டப்பாவே இல்லாமல் இறங்கின. எட்டும் இருக்கிறதா என்று இரண்டு தடவை எண்ணிக் கூண்டைப் பூட்டுவேன். இதைவிட நல்ல பழக்கம் ஒரு புறாவுக்கு இருக்க முடியாது என்பது என் முடிவு. மாமாவுக்குப் போஸ்ட் கார்டும் போட்டேன்: கூப்பிட்ட உடனே வந்துவிடுகிறது, ஒன்றுகூட வெளியில் தங்குவதில்லை.

பௌர்ணமிக்கு லீவு போட்டுக்கொண்டு ஊருக்கு வந்த மாமா, சட்டைப் பையில் அந்தக் கார்டோடு நேரே டீக்கடைக்குப் போய்த் தையல்கார பாயிடம் காட்டியிருக்கிறார். பாய் எதிர்ச்சாரியில் நாலு வீடு தள்ளி இருந்தவர். அவர் மாடியிலும் ஆறு கர்ணப் புறாக்கள். அதில் ஒரு செவலைப் பெட்டை ஒரே மூச்சில் பத்துக் கர்ணம் போடும் என்று தெருவில் பேச்சு.

“அப்ப ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் ஒண்ணா பறக்க உடலாமா தம்பி?” என்று பாய் கேட்க, மாமாவும் சரி என்றுவிட்டார்.

பரிசு என்று எதுவும் கிடையாது. ஆனால் எங்கள் பக்கத்துப் புறாக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மாடி மாறி இறங்கிய புறா, இறங்கிய மாடிக்குச் சொந்தம். இழந்தவர் போய்க் கேட்கக்கூடாது. கேட்டால் அதைவிடக் கேவலம் கிடையாது. எட்டில் ஒன்று மாறி இறங்கிவிட்டால் என்ன செய்வது என்று நினைத்துச் சனிக்கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு நாலரை மணிக்கு இரண்டு கூண்டுகளும் திறந்தன. பாயின் புறாக்கள் வட்டமிட்டபடி மேலே மேலே போயின. எங்கள் எட்டும் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய், ஒரு வட்டம் அடித்து, வரிசையாக என் காலடியில் இறங்கித் தீனிக்குக் காத்து நின்றன.

“வந்துடுச்சி பாரு மாமா! ஒண்ணு விடாம!” என்று குதித்தேன்.

எதிர்ச்சாரியிலிருந்து பாயின் குரல் வந்தது: “என்னா தம்பி, புறான்னு சொல்லி எவனாவது கோழிய குடுத்துட்டானா?”

வேடிக்கை பார்த்த மாடிகள் எல்லாம் சிரித்தன.

“என்னாடி பண்ணி வெச்சிருக்க?” மாமா பல்லைக் கடித்தார். “பறக்கவே மாட்டேங்குதே!”

“பறந்தா திரும்பி வரணும் இல்ல மாமா. அதான் முன்னாடியே வந்துடுச்சி.”

மேலே செவலை உருள ஆரம்பித்திருந்தது. தோற்ற கோபத்திலும் மாமாவின் உதடு எண்ணியது: ஏழு, எட்டு, ஒன்பது. பத்தாவதற்குள் மலைப் பக்கமிருந்து அது வந்தது. பைரி. ஆறு புறாக்களும் ஆறு திசையில் சிதறின. இரண்டு கோபுரத்தை நோக்கிப் பறந்தன. யாருடைய புறா என்பதெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. பயத்தில் கை தன் வழக்கப்படி டப்பாவைக் குலுக்கு குலுக்கென்று குலுக்கியது. செவலை கல் விழுவது மாதிரி எங்கள் புறாக்களின் நடுவே வந்து விழுந்தது.

மாமா துண்டைப் போட்டு அமுக்கினார். “எறங்கிடுச்சி பாய்!” என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார்.

பாய், “சரி தம்பி. எறங்கின எடத்துக்குச் சொந்தம்” என்று கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, மற்றப் புறாக்களைத் தேடிக் கோபுரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றைக்கு ராத்திரி பெங்களூருக்குக் கிளம்புமுன் மாமா செவலையின் இறக்கையை நூலால் கட்டினார். “ஒரு மாசம் இப்படியே கெடக்கட்டும். நம்ம கூண்டு பழகிடும். பாயே வந்து கேட்டாலும் குடுத்துடாத” என்றார். ஒரு வார்த்தை திட்டாமல் பேசினார். டப்பாக்காரி என்று என்னைத் தட்டிக்கொடுத்தார்கூட.

மறுநாள் விடிந்ததிலிருந்து எனக்கு அதே கவலை. பாய் கேட்டுவிட்டால் என்ன சொல்வது? மாமா இல்லை என்று சொல்லலாமா, சாவி இல்லை என்று சொல்லலாமா? பதினோரு மணி வாக்கில் படியில் செருப்புச் சத்தம். கழுத்தில் இஞ்ச் டேப்போடு பாய் வந்தார். எங்கள் மாடிக்கு அதற்கு முன் அவர் வந்ததில்லை.

“பயப்படாத பாப்பா. சும்மா பாத்துட்டுப் போலாம்னுதான்.”

கூண்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். அவர் குரல் கேட்டதும் செவலை கம்பி ஓரத்துக்கு நடந்து வந்தது.

“அடி எதனா பட்டுச்சா?”

“வால்ல ஒரு எறகு போயிடுச்சி பாய். மாமா மஞ்சள் வெச்சாரு.”

“நல்லது.” ஒரு பொட்டலத்தை நீட்டினார். “ஒடச்ச சோளம். இதுக்கு முழுசு போட்டா தொண்டையில நிக்கும். கம்பும் ஜாஸ்தி வேணாம்.”

“சரிங்க பாய்.”

“ரெண்டு நாளைக்குத் தீனி எடுக்காது. ஜோடிய உட்டுட்டு வந்துருக்குது இல்ல? அந்த ஆண் நேத்துல இருந்து கத்திக்கினே இருக்குது.”

“நான் பழக்கிடுவேன் பாய். எங்கிட்ட வந்த புறா எதுவும் வெளிய தங்கினதே இல்ல.”

“ஆமா. அதத்தான் பாத்தமே” என்று சிரித்தார். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்து படிவரைக்கும் போனவர் நின்று திரும்பினார்.

“தண்ணி மாத்திட்டியா பாப்பா?”

“மாத்திட்டேன் பாய்.”

“சரி” என்றார். ஒவ்வொரு படியாக, ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

நான் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, சமையல்கட்டுக்கு ஓடினேன். “பாய் வந்தாரும்மா! கேக்கவே இல்ல!”

அம்மா என் கையிலிருந்த சோளப் பொட்டலத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கோ தலையிலிருந்து மலையே இறங்கின மாதிரி இருந்தது. கேட்டுவிடுவாரோ, கேட்டுவிடுவாரோ என்று காலையெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தவளுக்கு, அவர் கேட்டுவிட்டுத்தான் போனார் என்பது தெரியவில்லை.