பேருந்தில் வெடித்த சாஸ் புட்டி

எங்கள் தீவு சுதந்திரம் அடைவதற்குச் சில வருஷங்கள் முன்பு, போ பசான் ஊரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் என் கணவர் தக்காளி போட்டார். நாங்கள் இரண்டே பேர். ஆறு செடி தாராளம். அவர் அறுபது நட்டார். "பாதி செத்துப் போயிடும்" என்றார். ஒன்றுகூடச் சாகவில்லை.

மூன்று வாரம் காலையும் மாலையும் தக்காளிதான். கூடையோடு என்னைக் கண்டாலே அக்கம்பக்கத்தார் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கடைசியில், சாஸ் காய்ச்சிப் புட்டியில் அடைப்பது என்று முடிவு செய்தோம்.

கொல்லையில் அடுப்பு மூட்டிப் பெரிய தேக்சாவை ஏற்றினோம். தக்காளியை வேகவைத்துச் சல்லடையில் தேய்த்து, பூண்டு, மிளகாய், வினிகர், சர்க்கரை சேர்த்துக் கிளறினோம். கடைக்காரரிடம் கெஞ்சி வாங்கிய காலி ரம் புட்டிகள் பன்னிரண்டு இருந்தன.

"புட்டிகளையும் கொதிக்க வைக்கணும்" என்றேன்.

"ரம் இருந்த புட்டி. அதுல எந்தக் கிருமி பிழைக்கும்?" என்றவர், தக்கைகளைச் சுத்தியலால் அடித்து இறுக்கினார்.

பத்து நாள் கழித்து ஒரு புட்டியைத் தன் மேலதிகாரிக்குக் கொடுக்கப் புறப்பட்டார். துணி வாங்க நானும் உடன் போனேன். தலைநகர் போர்ட் லூயி போகும் பேருந்தில் நல்ல கூட்டம், நல்ல வெயில். செய்தித்தாளில் சுற்றிய புட்டியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டார். முன் இருக்கையில் வெள்ளைக் கோட்டும் வெள்ளைத் தொப்பியுமாக ஒரு பருத்த கனவான்.

பாதி வழியில் வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறியது. டமார்! தக்கை கூரையில் மோதியது. சாஸ் முழுவதும் கனவானின் பிடரியிலும் முதுகிலும் பாய்ந்தது.

அவர் கழுத்தைத் தடவிக் கையைப் பார்த்தார். "ஆயோ! மோ மோர்!" செத்தேன் என்று கிரியோலில் அலறினார்.

ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். "சுட்டுட்டான்! ஆஸ்பத்திரிக்கு விடு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நடத்துநர் கீழே குதித்துவிட்டார்.

என் கணவர் இரண்டு கைகளும் சிவக்க எழுந்து நின்றார். "ஒண்ணுமில்ல மிசியே, இது ரத்தம் இல்ல. பொம்தமூர்! எங்க வீட்டுத் தக்காளி!" யாரும் நம்பவில்லை. நிரூபிக்கிறேன் என்று அந்தக் கனவானின் தோளிலிருந்து ஒரு விரல் வழித்து நக்கினார். பாதிப் பேருந்து கிறீச்சிட்டது.

எனக்குப் பக்கத்தில் நின்ற அம்மாள் கேட்டாள்: "அந்த ஆளு உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"இல்லவே இல்ல" என்றேன்.

அந்த நேரம் பார்த்து அவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு, நேத்துக்கூட நாம சாப்பிட்டோமே!" பேருந்து மொத்தமும் என்னைப் பார்த்தது. தலையை ஆட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

கனவான் பயந்து பயந்து விரலை நாக்கில் வைத்தார். கொஞ்சம் யோசித்தார்.

"உப்பு பத்தல" என்றார்.

அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பில் ஓட்டுநரால் வெகுநேரம் வண்டியை எடுக்க முடியவில்லை.

கோட்டைத் துவைத்துத் தருவதாகக் கெஞ்சி வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை அதை வாங்க வந்தவருக்கு, மிச்சப் புட்டிகளைப் பார்த்ததும் முகம் மாறியது. "எல்லாம் பொங்கி நிக்குது. யாரும் கிட்ட போகாதீங்க." ஈரச் சாக்கைப் போர்த்தி ஒவ்வொன்றாக அவரே திறந்தார். புளித்த நாற்றம் தெருமுனை வரை போனது. அத்தனையையும் கொட்டினோம். செடியில் இன்னும் பழம் இருந்ததால், சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, பனியனோடு நின்று புதிதாக ஒரு தேக்சா சாஸ் காய்ச்சிக் கொடுத்தார். உப்பை மட்டும் யாரையும் தொட விடவில்லை.

கோட்டின் கறை எலுமிச்சைக்கும் போகவில்லை, சோப்புக்கும் போகவில்லை. கடைசியில் பழுப்புச் சாயம் தோய்த்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, "முன்னவிட இதுல கொஞ்சம் ஒல்லியாத் தெரியறேன்" என்று சந்தோஷமாகப் போனார்.