பதினெட்டு ஜாமீன்தாரர்கள்

என் தாய்மாமன் கிளைச்சிறையில் இருந்தார். மறுநாள் விடிந்தால் அவர் மகளுக்குக் கல்யாணம். சாமைக் கொல்லையில் மாடு மேய்ந்ததில் வந்த சண்டையில் ஒருவருடைய மண்டையை உடைத்துவிட்டார். உடைந்த மண்டை மாப்பிள்ளையின் அப்பாவுடையது.

ஜாமீன் கிடைத்துவிட்டது. ஆனால் செங்கம் நீதிமன்றத்தில் இரண்டு பேர் ஜாமீன்தாரராக நிற்க வேண்டும். அதன் பிறகு விடுதலை உத்தரவு ஆறு மணிக்குள் சிறைக்குப் போய்ச் சேர வேண்டும். தவறினால் மறுநாள்தான். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் வக்கீல் சொன்னதை மலைமேல் இருக்கும் எங்கள் ஊருக்குக் கொண்டுபோய்ச் சொல்வது என் பொறுப்பு. ரேஷன் அட்டை, வீட்டு வரி ரசீதோடு இரண்டு பேர் வந்தால் போதும் என்று தெளிவாகத்தான் சொன்னேன்.

எங்கள் ஊரில் ஒருவருக்காகப் பொறுப்பேற்பது என்றால் வீட்டுக்கு ஒருவர் நிற்பார்கள். வராத வீட்டுக்கு அவர் வேண்டாதவர் என்றாகிவிடும். நீதிமன்ற வாசலில் வந்து நின்ற ஜீப்பிலிருந்து பதினெட்டுப் பேர் இறங்கினார்கள்.

வழக்கைக் கூப்பிட்டதும் பதினெட்டுப் பேரும் உள்ளே போனார்கள். ஜாமீன்தாரர் யார் என்று நீதிபதி அம்மா கேட்டார். எல்லாரும் கை தூக்கினார்கள். முன்னால் தலையில் காயக்கட்டோடு நின்றவரிடம், உங்களுக்கு என்ன ஆயிற்று என்றார்.

"அவுருதான் அடிச்சாருங்கம்மா."

"அடிச்சவருக்கு நீங்களே ஜாமீனா?"

"கேசு இருக்கட்டுங்கம்மா, அது வேற. நாளைக்கு எம் புள்ளைக்குக் கல்யாணம். பொண்ணு குடுக்கறவரே அவுருதான். அவுரு இல்லாம நான் இன்னா பண்றது?"

எழுத்தர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். நீதிபதி சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். புகார் கொடுத்தவர் நிற்கக் கூடாது என்று சொல்லி, ரசீது சரியாக இருந்த இரண்டு பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை வெளியே அனுப்பினார்.

உத்தரவு கணினியில் போனது. அதை நம்பாத வக்கீல் நகல் ஒன்றைக் கையில் கொடுத்து என்னையும் ஜீப்பில் விரட்டினார். ஐந்தேமுக்காலுக்கு மாமன் வெளியே வந்தார். சம்பந்தியைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். அவரோ நேராகப் போய் மாமன் கையிலிருந்த துணிப்பையை வாங்கிக்கொண்டார்.

"ஏறு, வூட்ல வேலை தலைக்கு மேல கெடக்குது."

மாமன் ஏறியதும் ஜீப்பில் எனக்கு இடமில்லை. "நீ படிச்ச புள்ள, பஸ்ஸு பாத்து வந்துடுவ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

நான் பஸ் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தபோது, சோற்று அண்டாவை எந்தப் பக்கம் வைப்பது என்று மாமனும் சம்பந்தியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.