கமரூனுக்குத் திரும்பிய மேளம்

டிரெஸ்டனில் ஓர் அருங்காட்சியகத்தில் எனக்கு வேலை. பழைய பொருட்கள் உளுத்துப்போகாமல், வெடித்துப்போகாமல் பார்த்துக்கொள்வேன். சென்ற வசந்தத்தில் என் பொறுப்பில் இருந்த ஒரு மர மேளத்தைக் கமரூனுக்குத் திருப்பிக் கொடுத்தோம். முழு அடிமரத்தைக் குடைந்து செய்தது, தோல் கிடையாது. காலனிக் காலத்தில் ஜெர்மன் படையாட்கள் ஓர் ஊரைச் சூறையாடி எடுத்து வந்தது.

கொடுப்பது என்று முடிவானதும் எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமல் இருக்க இப்படிப்பட்ட பொருட்களுக்கு நஞ்சு பூசுவார்கள். இதிலும் பூசியிருந்தால் ஊரில் ஒருவரும் தொட முடியாது. அங்கேயும் கண்ணாடிப் பெட்டிதான். துகள் சுரண்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். நஞ்சு இல்லை என்று பதில் வந்தபோது, சாப்பாட்டு அறையில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன்.

அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"நானும் வாறன். எடுத்த சாமானைத் திருப்பிக் குடுக்கிறதை நான் ஒருநாளும் பாக்கேல்லை" என்றார்.

சொன்னபடியே பெர்லினிலிருந்து ரயிலேறி வந்தார், கல்யாண வீட்டுக்குக் கட்டும் பட்டுச்சேலையில்.

கமரூனிலிருந்து வந்த குழுவுக்கு அந்த ஊர்த் தலைவரின் அக்கா தலைமை தாங்கினார். கையெழுத்துகள் முடிந்ததும் நேரே மேளத்திடம் போய், அதைத் தடவிக்கொண்டே சத்தமாக ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதை ஜெர்மனில் சொல்ல, மண்டபமே சிரித்தது. என் பக்கத்தில் நின்ற அம்மாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை.

"என்னவாம்?"

"'மெலிஞ்சு போனாய், இவங்கள் உனக்குச் சாப்பாடு தரேல்லையோ' எண்டு மேளத்திட்டைக் கேக்கிறா."

"கேக்கத்தானே வேணும்!"

தலைவரின் அக்கா தன் பையிலிருந்து இரண்டு கோல்களை எடுத்தார். எங்கள் இயக்குநர் பழக்கதோஷத்தில் கையை உயர்த்தி, "தயவுசெய்து தொடா..." என்று தொடங்கி, பாதியில் நிறுத்தினார். முகம் சிவந்துவிட்டது. "மன்னிக்கவும். இது உங்களுடையது" என்று சிரித்தபடி விலகி நின்றார்.

முதல் அடி விழுந்தது. அந்த மரத்தின் ஒவ்வொரு கீறலும் எனக்குத் தெரியும். அதன் குரலை மட்டும் அதுவரை கேட்டதில்லை. அடிவயிற்றில் வந்து இறங்கியது. சுற்றியிருந்த கண்ணாடிப் பெட்டிகள் கிடுகிடுத்தன. வந்திருந்த பெண்கள் குலவையிட்டு ஆடத் தொடங்கினார்கள். ஒருத்தி வந்து அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஐயோ, எனக்கு ஆட ஏலாது பிள்ளை!"

அவளுக்குத் தமிழ் புரியவில்லை. அம்மாவின் கால்களோ அதற்குள் ஆடத் தொடங்கியிருந்தன. எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு நானும் வட்டத்துக்குள் போனேன்.

கோடையில் அந்த ஊரிலிருந்து ஒரு வீடியோ வந்தது. ஒரு திருமணம். தூறலில் மேளத்தைச் சுற்றி ஊரே ஆடிக்கொண்டிருந்தது, மணமகள்தான் அடித்துக்கொண்டிருந்தாள். அதை அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"பொம்பிளை நல்ல வடிவு" என்றார்.