வலப்பக்கமிருந்து எழுதிய பிள்ளைகள்

அந்தக் கடிதம் வந்த நாளில் என் வீட்டில் இரவுச் சோறு ஆக்கவில்லை. நோன்புக்கு முந்திய ஷஃபான் மாதம், ஒரு வியாழக்கிழமை. பின்னேரத்து அஸர் தொழுது எழும்புகிறேன், பிள்ளைகளின் வாப்பா கடையைப் பாதியில் சாத்திவிட்டு வீட்டுக்குள் வருகிறார். கெலிஓயாவில் துணிக்கடை வைத்திருக்கிற மனிதர், ஜும்ஆவுக்குத் தவிர வேறு எதற்கும் கடை சாத்தாதவர். முகத்தைப் பார்த்ததும் யாரோ உயிர் போய் மௌத்தாகிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

"யாரும் மௌத்தாகல்ல. ஒங்கட படிப்புத்தான் மௌத்தாயிட்டு" என்றார்.

சகோதரிகளே, நான் சொல்லப்போவது என் சாமர்த்தியத்தை அல்ல. என் மடத்தனத்தையும், அதை அல்லாஹ் மூடிய விதத்தையும்தான்.

எனக்கு இரண்டு பெண்மக்கள். மூத்தவள் ஸுலைஹாவுக்கு அப்போது பதினாறு, இளையவள் ராபியாவுக்குப் பதினைந்து. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பிள்ளை பெரிய பிள்ளையானால் வாசலைத் தாண்டக் கூடாது. அதற்கு முன்னும் இவர்கள் போனது குர்ஆன் ஓதுகிற பள்ளிக்கு மட்டும்தான். அவர்களை வீட்டில் நிறுத்திய அன்றே நான் ஒரு வைராக்கியம் எடுத்தேன். என்னைப்போல் இவர்களும் அடுப்பு ஊதி ஆயுளை முடிக்கக் கூடாது, கல்லூரிக்குப் போய் ஆசிரியைகளாக வேண்டும். எனக்குக் கிடைக்காததன்மேல் எனக்கு அவ்வளவு ஆசை. அதை மறைப்பானேன்?

கண்டியில் பெண்கள் கல்லூரி ஒன்று, வீட்டில் படித்த பிள்ளைகளும் பரீட்சை எழுதிச் சேரலாம் என்று அறிவித்திருந்தது. முஸ்லிம் பிள்ளைகளுக்குத் தனி விடுதியும் உண்டு என்றார்கள். என் கணவரின் காக்கா, அவருக்கு மூத்த அண்ணன், குடும்பத்துக்கே பெரியவர், லேசில் சம்மதிக்கவில்லை. நான் நச்சரித்த நச்சரிப்பில் கடைசியாக, "ஒரே ஒரு தடவ எழுதட்டும். பாஸாகாட்டி ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்தி ரெண்டு பேருக்கும் கல்யாணக் காவின் எழுதணும். பொறகு ஒரு பேச்சும் பேசப்படாது" என்றார். நானும் தலையாட்டினேன்.

நாலு வருஷம் படிப்பித்தோம். பிள்ளைகளின் வாப்பா இரவில் சாப்பிட்டானதும் பாடப் புத்தகத்தை உரத்து வாசிப்பார். நானும் பிள்ளைகளும் குறிப்பெழுதுவோம். பகலில் நான் கேள்வி கேட்பேன். பூமிசாஸ்திரம், சரித்திரம், கணக்கு எல்லாம் தண்ணீராய்ச் சொல்வார்கள். எனக்கே பெருமை தாங்காது.

இனித்தான் மடத்தனம். எனக்கு என் உம்மா சொல்லித் தந்தது அரபுத் தமிழ். பேச்சு நம் தமிழ், எழுத்து அரபி எழுத்து. கடிதம், கணக்கு, பைத்துப் பாட்டு எல்லாம் நம் பெண்கள் அதில்தான் எழுதினார்கள். தமிழ் எழுத்து எனக்கு வாசிக்கவும் வராது. பிள்ளைகள் வாப்பாவிடம் அச்சுப் புத்தகம் வாசிக்கப் பழகியிருந்தார்கள். ஆனால் எழுதப் பழகியது என்னிடம். தமிழ் என்றால் பேச்சு, அதை எந்த எழுத்தில் எழுதினால் என்ன என்றுதான் நான் நினைத்திருந்தேன். பிள்ளைகள் குனிந்து எழுதுவதைப் பார்த்து அவரும் சந்தோஷப்பட்டாரே தவிர, என்ன எழுத்து என்று ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை.

விண்ணப்பத்தைப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே எழுத வேண்டும் என்று விதி. எழுதினார்கள், வலப்பக்கமிருந்து இடப்பக்கமாக, முத்து முத்தாக. நான்தான் உறையில் போட்டு ஒட்டினேன், ஒட்டிய உறைமேல் விலாசங்களை மட்டும் அவர் எழுதினார். அது திரும்பி வந்திருந்தது. கூடவே ஒரு கடிதம். 'தங்கள் விண்ணப்பங்கள் அரபு மொழியில் உள்ளன. அம்மொழி வாசிப்பார் இங்கு எவருமில்லை. தமிழில் எழுதி அனுப்பவும். பரீட்சையும் தமிழிலேயே எழுதப்பட வேண்டும்.'

"அரபு மொழியா? சுத்தத் தமிழ்ல எழுதினதுதானே!" என்று நான் சத்தம் போட்டேன்.

ஸுலைஹாதான் முதலில் விளங்கிக்கொண்டாள். "உம்மா, எங்களுக்குத் தமிழ் எழுத்துல எங்கட பேரயும் எழுதத் தெரியாதே" என்று சொல்லி அழத் தொடங்கினாள்.

பரீட்சைக்கு இருபத்தாறு நாள் இருந்தது. விண்ணப்பத்தை வாப்பா எழுதிக் கொடுக்க, பிள்ளைகள் சித்திரம் வரைவதுபோல் பார்த்து வரைந்து அனுப்பினார்கள். பரீட்சையில் யாரைப் பார்த்து வரைவது? வாப்பாவுக்குக் காலையிலிருந்து இரவு இஷாத் தொழுகை வரைக்கும் கடை. கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலும் பொறுமை இல்லை, ரெண்டாவது பிழைக்கே குரல் உயர்ந்துவிடும். பள்ளிக்கூடத்து மாஸ்டரை வீட்டுக்குள் எடுக்க முடியாது. எழுதத் தெரிந்த பெண் எங்கள் தெருவில் ஒருத்தி இல்லை. "நஸீபு இல்லாட்டி என்ன செய்ற, விட்டுருவம்" என்றார் அவர். என் நாலு வருஷப் பாடுதான் என் பிள்ளைகளைக் கெடுத்தது என்று நினைக்க நினைக்க எனக்கு நெஞ்சு வெடித்தது.

விடியற்காலை ஸுப்ஹு தொழுதுவிட்டு, தேவை கேட்டுத் தொழுகிற ஹாஜத்தும் தொழுதேன். நெற்றி நிலத்தில் பட ஸுஜூதில் கிடந்து அழுதேன். "யா அல்லாஹ், பிழை என்ட பிழை. புள்ளைகள்ற தலையில அத வைக்காத. கண்டியில இருந்து ஒரு படிச்ச முஸ்லிம் பொம்புளய அனுப்பு" என்று கேட்டேன். பாருங்கள், படைத்த றப்புக்கே ஊரும் ஆளும் குறித்துக் கொடுத்தேன். மூன்று நாள் அதே துஆ.

நாலாம் நாள் மழை தொடங்கியது. விடாத மழை. ஆறு பெருகி, கம்பளைக்குப் போகிற பாதையை மூடிவிட்டது. பஸ்கள் கெலிஓயாவிலேயே நின்றன. மத்தியானம் எங்கள் வீட்டோடு ஒட்டிய கடைக் கூரைக்குக் கீழே கைக்குழந்தையோடு ஒரு பெண் நனைந்துகொண்டு நிற்பதைக் கதவு இடுக்கால் பார்த்தேன். நெற்றியில் திருநீறு, இருபது வயதுதான் இருக்கும். கூடவே அவளுடைய தகப்பன். உள்ளே கூப்பிட்டேன். தகப்பனுக்குக் கடையில் பாய் போட்டோம், அவளும் குழந்தையும் எங்களோடு.

பெயர் பாக்கியம். ஹுன்னஸ்கிரியப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் தாய் வீட்டில் பிள்ளை பெற்று, கம்பளையில் இருக்கும் புருஷனிடம் திரும்புகிறவள்.

மறுநாள் காலை குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே என் பிள்ளைகள் எழுதுவதைப் பார்த்தாள். "என்னாங்க அக்கா, எழுத்து எல்லாம் பின்னாடி பக்கமா போவுது?" என்றாள். நான் அழுகையும் ஆத்திரமுமாகக் கதை முழுவதையும் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, "கோவிச்சுக்காதீங்க அக்கா. எங்கப்பா தோட்டத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியாருங்க. சின்னப் புள்ளைங்களுக்கு அனா ஆவன்னா போட வைக்கிறது நான்தான். தண்ணி வடியுற வரைக்கும் சும்மாதானே இருக்கப்போறோம்?" என்றாள்.

நான் அந்த நிமிஷமே பிள்ளைகளை அவள் முன்னால் உட்கார வைத்தேன்.

சுளகில் அரிசியைப் பரப்பி விரலால் எழுத வைத்தாள். கை பழக்கதோஷத்தில் வலப்பக்கமே ஓடும். இடது மணிக்கட்டில் அடையாளமாகக் கறுப்புக் கயிறு கட்டப் பார்த்தாள். கயிறு கட்டுவது எங்கள் மார்க்கத்தில் ஆகாது என்றேன். அதற்கென்ன, வளையல் ஆகுமா என்றாள். ஆளுக்கு ஒரு கண்ணாடி வளையலை இடது கையில் மட்டும் போட்டோம். "வளையல் பக்கம் இருந்து தொடங்குங்க!" நாள் முழுக்க இதே சத்தம்தான்.

அச்சில் பார்த்துப் பழகியிருந்தும், எழுதும்போது எல்லாவற்றையும்விடக் கொம்புதான் அவர்களை வாட்டியது. ஓசை முந்தி வருகிற எழுத்துக்கு முன்னால் கொம்பு எதற்கு என்று ராபியா சண்டை பிடித்தாள். 'கெலிஓயா' என்று எழுதச் சொன்னால் ககரத்தைப் போட்டு அதற்குப் பிறகு கொம்பை வைப்பாள். "சொந்த ஊரு பேரே தப்பா? பஸ்ஸுல ஏத்த மாட்டாங்க தங்கச்சி" என்று பாக்கியம் கேலி செய்ய, ராபியா முறைத்துக்கொண்டே சரியாக எழுதினாள். நானும் ஒரு மூலையில் இன்னொரு சுளகோடு உட்கார்ந்தேன். பிள்ளைகளைவிட எனக்குத்தான் அதிகம் பிழை வந்தது, அதிகம் கேலியும் கிடைத்தது.

பதினொரு நாள் பாதை திறக்கவில்லை. ஊரெல்லாம் எப்போது வெள்ளம் வடியும் என்று துஆ கேட்க, நான் ஒருத்தி மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அல்லாஹ் மன்னிக்கட்டும். பன்னிரண்டாம் நாள் அவள் புறப்பட்டபோது பிள்ளைகள் இருவரும் பிழை விட்டாலும் நிற்காமல் எழுதினார்கள். ஒரு சேலையும் குழந்தைக்குத் துணியும் கொடுத்தோம். "நல்லபடியா பாஸ் பண்ணுவாங்க அக்கா" என்று சொல்லிப் போனாள்.

பரீட்சை நோன்பில் வந்தது. விடியுமுன் ஸஹர் சாப்பாடு முடித்து, திரை கட்டிய மாட்டுக் கரத்தையில் பேராதனைப் பாலம் தாண்டிக் கண்டிக்குக் கூட்டிப் போனோம். பிள்ளைகள் நோன்போடு எழுதினார்கள். நான் கரத்தைக்குள்ளேயே தஸ்பீஹு உருட்டிக்கொண்டு இருந்தேன். ஸுலைஹா வெளியே வந்து, முதல் பக்கத்தில் கை ஒரு தடவை வலப்பக்கம் போய்விட்டது, வெட்டி எழுதினேன் என்றாள். நான் மறுபடியும் தஸ்பீஹைக் கையில் எடுத்தேன்.

நோன்புப் பெருநாள் கழித்து ஆறாம் நாள் பதில் வந்தது. அவர் உறையைக் கொண்டுவந்து நீட்டினார். உடைக்க அவருக்குத் தைரியமில்லை. பிள்ளைகள் இருவரும் கதவுக்குப் பின்னால் போய்விட்டார்கள். காக்காவும் வந்து கதிரையில் உட்கார்ந்திருந்தார். "கொண்டாங்க, நான் வாசிக்கிறன்" என்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தமிழ் எழுத்தில் நான் வாசித்த முதல் கடிதம் அதுதான்.

எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன். பிள்ளைகளின் பெயர், தகப்பன் பெயர், ஊர். கொம்பு சரியான பக்கத்தில்தான் இருந்தது. 'ஆகிய இருவரும் இக்கல்லூரியில்' என்று வந்தது. பிறகு, 'அ... னு... ம... திக்... கப்... ப...' அங்கே வரி முடிந்துவிட்டது.

அடுத்த வரியின் முதல் எழுத்து 'ட'. அது வெறும் ட என்றால் 'அனுமதிக்கப்படவில்லை'. அதற்குமேல் புள்ளி இருந்தால் வேறு. அவ்வளவுதான், ஒரு புள்ளி. என் கண்ணில் தண்ணீர் நிறைந்து எழுத்தே தெரியவில்லை. முந்தானையால் துடைத்தேன். மறுபடியும் பார்த்தேன்.

புள்ளி இருந்தது.

'ட்டுள்ளனர்' என்று நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். பிள்ளைகள் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். அவர் அந்த இடத்திலேயே ஸுஜூதில் விழுந்தார். காக்கா கதிரையை விட்டு எழும்பினார். பிறகு, "பெட்டி சாமான் எல்லாம் ரெடியா? கண்டிக்கு நானே கூட்டிப் போறன்" என்றார்.

அல்ஹம்துலில்லாஹ். இன்று என் மக்கள் இருவரும் ஆசிரியைகள். வெளியே போகாத பெண்பிள்ளைகள் ஒன்பது பேர் என் வீட்டுக் கூடத்தில் எழுதப் பழகுகிறார்கள். அரபுத் தமிழை நான் விட்டுவிடவில்லை. அது என் உம்மா தந்த எழுத்து. ஆனால் இரண்டையும் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் முன்பிருந்த அவசரக் கோபமும் 'எனக்குத் தெரியும்' என்ற எண்ணமும் குறைந்திருப்பதாக அவரே சொல்கிறார்.

சகோதரிகளே, உங்கள் பிள்ளைகளுக்காக நம்பிக்கையோடு கையேந்துங்கள். நான் கேட்டது கண்டியிலிருந்து ஒரு முஸ்லிம் பெண்ணை. அவன் அனுப்பியது ஹுன்னஸ்கிரியவிலிருந்து, திருநீறு பூசி, இடுப்பில் குழந்தையோடு. நான் அன்று கதவைத் திறக்காமல் இருந்திருந்தால், என் துஆவை அல்லாஹ் கேட்கவில்லை என்று இன்றுவரை அவன்மேல் குறை சொல்லிக்கொண்டிருப்பேன்.