கையில் மட்டும் வந்து போன அம்மா

தோட்டத்து டிரசர் வேலையில் பாதி மருந்து கொடுப்பது. மீதிப் பாதி, கொடுத்த மருந்து வயிற்றுக்குத்தான் போனதா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது. ஜொகூரில் செடெனாக் பக்கம் ஒரு கித்தா, அதாவது ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இரண்டையும் நான் பல வருஷம் செய்தேன். நீங்களும் டிரசராக இருந்திருந்தால் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். என் கையால் மருந்து குடித்தவராக இருந்தால் இன்னும் கோபம் ஆறியிருக்காது. எப்படியும் நாம் எல்லாரும் பட்டவர்கள்தான், அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன்.

கன்னத்துக் கொய்னா

காலையில் பெரட்டுக்கு எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். கங்காணி பேர் கூப்பிட்டுக்கொண்டே போவார், நான் பின்னாலேயே மலேரியாவுக்கான கொய்னாத் தண்ணீரோடு போவேன். அந்தக் கசப்பு உங்களுக்குத் தெரியும். பால் மரம் வெட்டுகிற காத்தான் அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, முழுங்கிவிட்ட மாதிரி தலையை மட்டும் ஆட்டுவான். நான் அந்தப் பக்கம் திரும்பினதும் மரத்தடியில் துப்பிவிடுவான். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், அவனுக்குக் காய்ச்சல் பெரிதாக வந்ததில்லை. வந்தாலும் அரை நாள் போர்த்திப் படுத்துவிட்டு எழுந்துவிடுவான். பத்து வருஷம் இந்தக் கொசுவிடம் கடி வாங்கிய உடம்பு அதற்குப் பழகிப்போயிருந்தது.

பிறகு பெண்டாட்டி பச்சையம்மாவையும் ஒரே மகனையும் கூட்டிக்கொண்டு கப்பலேறி ஊருக்குப் போனான். இரண்டு வருஷம் கழித்துத் திரும்பினபோது பையன் இல்லை. ஊரில் அம்மை வார்த்து இறந்துவிட்டான். பதிலுக்கு இடுப்பில் செல்லாயி என்று ஒரு கைக்குழந்தை இருந்தது. வந்த மூன்றாம் வாரமே காத்தானுக்குக் குளிர் காய்ச்சல் கண்டு, கட்டில் ஆடுகிற ஆட்டத்தில் பக்கத்துக் கட்டில்காரன் இடம் மாறிப் படுத்தான். "கடி நின்னு போனா உடம்பு இந்தக் காய்ச்சலை மறந்துடும்டா. இப்ப நீ புது ஆள் மாதிரிதான், ஒழுங்கா கொய்னா குடி" என்றேன். அவன் போர்வைக்குள்ளிருந்து சொன்னான்: "ரெண்டு வருசத்துல கங்காணியே என்னை யாருன்னு கேட்டாரு. உடம்பு மறந்ததுல என்னங்கய்யா தப்பு?"

நெறி கட்டின கால்

அதே காத்தான் ஒரு நாள் நொண்டிக்கொண்டு வந்தான். தொடையிடுக்கில் எலுமிச்சங்காய் அளவுக்கு நெறி கட்டியிருந்தது. யாரோ எண்ணெய் போட்டு உருவி, அது பற்றாதென்று சுண்ணாம்பும் தடவியிருந்தார்கள். நான் அதைத் தொடாமல் காலைத் தூக்கச் சொன்னேன். பாதத்தில் முள் குத்திச் சீழ் வைத்திருந்தது. கீறிச் சீழை எடுத்துக் கழுவிக் கட்டினேன். வலி மேலே இருக்க நான் கீழே வேலை செய்வதைப் பார்த்து அவனுக்கு என் படிப்பின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

விளக்கிச் சொன்னேன். முள் வழியாகக் கிருமி உள்ளே போகிறது. ரத்தத்தில் இருக்கிற வெள்ளை அணுக்கள் ஓடி வந்து அதைப் பிடித்துத் தின்கின்றன. தின்று செத்ததுதான் சீழ். அங்கே தப்பித்து மேலே ஏறுகிற கிருமியைத் தொடையிடுக்கில் இன்னொரு காவல் தடுத்து நிறுத்துகிறது. அங்கே நடக்கிற சண்டையில்தான் அது வீங்குகிறது, அதை உருவினால் காவல்காரனை அடித்த மாதிரி. காத்தான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். "அப்போ வலிக்கிற இடத்துல இருக்கிறது திருடன் இல்லை, போலீசு. போலீசுன்னா வலிக்கத்தான் செய்யும்" என்றான்.

வேப்பிலை

தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு அம்மை குத்துவதும் என் வேலை. அம்மைப்பால் ஜொகூர் பாருவிலிருந்து கண்ணாடிக் குழாயில் ரயிலில் வரும். செடெனாக் ஸ்டேஷனில் வாங்கி, ஈரத்துணி சுற்றி, தண்ணீர்ப் பானையோரம் வைத்துக் காப்பாற்ற வேண்டும். பிள்ளையின் கையில் ஒரு சொட்டு விட்டு ஊசியால் கீறினால், எட்டாம் நாள் அங்கே ஒரு முத்து பால் கட்டி நிற்கும். லேசாகக் காய்ச்சலும் வரும். அப்படி வந்தால் பிடித்தது என்று அர்த்தம்.

ஒரு வருஷம் பத்துப் பிள்ளைகளுக்குக் குத்தினேன், பத்தும் பிடித்தது. எனக்கு ஒரே பெருமை. எட்டாம் நாள் போய்ப் பார்த்தால் லயத்து வரிசை வீடுகளில் பத்து வாசலிலும் வேப்பிலை தொங்குகிறது. பத்து வீட்டிலும் தாளிப்பு இல்லை. அம்மா வந்திருக்கிற வீட்டை விட்டு வேலைக்குப் போகக்கூடாது என்று பத்துத் தகப்பன்மாரும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். "இது கையில மட்டும் வந்துட்டுப் போற அம்மாப்பா, ரெண்டு நாள்ல போயிடுவா" என்று எவ்வளவோ சொன்னேன். அதைக் கேட்டு அவர்களுக்குப் பக்திதான் கூடியது. கங்காணி என்னை ஓரமாகக் கூப்பிட்டார்: "அடுத்த தடவை அந்த அம்மாவை ஞாயித்துக்கிழமையாப் பார்த்து வரச் சொல்லுங்கய்யா, எனக்கு ஆள் குறையுது."

பச்சையம்மாவின் முகம்

செல்லாயிக்குக் குத்த வேண்டிய முறை வந்தது. பச்சையம்மா பிள்ளையைக் கொடுக்கவில்லை. "இன்னொரு தடவை அந்த அம்மாவை ஊசியால சீண்ட என்னால முடியாதுங்கய்யா" என்று கதவோரம் நின்றாள். பச்சையம்மாவின் முகம் முழுக்க அம்மைத் தழும்பு. எனக்குப் பேச ஒரு பிடி கிடைத்துவிட்டது.

"உங்க ஊர்ல அம்மை கண்ட வீட்டுக்குத் தண்ணி கொடுக்க யாரை அனுப்புவாங்க?" என்று கேட்டேன்.

"என்னை மாதிரி தழும்பு இருக்கிறவங்களை. ஒரு தடவை வந்தவங்ககிட்ட அவ மறுபடி வரமாட்டா."

"அதேதான். முதல் தடவை உன் உடம்பு தெரியாம மாட்டிக்கிட்டு, சண்டை போட்டு ஜெயிச்சுது. அடுத்த தடவை வாசல்லயே அடையாளம் கண்டுபிடிச்சுத் துரத்திடும். அந்தப் படிப்பை முகத்துல தழும்பு இல்லாம, கையில ஒரே தழும்போட சொல்லிக் கொடுக்கத்தான் நான் குத்துறேன்."

அவள் லேசுப்பட்டவளா? "எங்க வீட்டுக்காரர் உடம்பு காய்ச்சலை ரெண்டு வருசத்துல மறந்துச்சே. இதை மட்டும் மறக்காதா?" என்றாள். சில நோயைச் சீக்கிரம் மறக்கும், இதை மறக்க வெகு காலம் ஆகும் என்று எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "உன் பையனோட அத்தனை நாள் ஒரே பாயில கிடந்தியே, உன்னை ஒண்ணும் செய்யலையே" என்றும் சொல்லித் தொலைத்தேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை கோயிலில் சூடம் கொளுத்திவிட்டு, அவளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். "இந்த ஒண்ணுதான் இருக்கு. சுத்தமாக் குத்துங்கய்யா" என்றாள்.

மஞ்சத் தண்ணி

முந்தின வருஷம் பிடித்த பத்தில் ஒரு பிள்ளைக்குக் கை சீழ் பிடித்து, துரையிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதனால் இந்தத் தடவை வெறும் சோப்புத் தண்ணீரை நம்பவில்லை. ஸ்பிரிட் வரவழைத்திருந்தேன். அன்றைக்கு வந்த ஐந்து பிள்ளைகளின் கையையும் நன்றாகத் துடைத்து உடனே குத்தினேன். செல்லாயி கையை மட்டும் இரண்டு தடவை துடைத்தேன்.

எட்டாம் நாள் ஐந்து கையிலும் ஒன்றுமில்லை. எறும்பு கடித்த தடம்கூட இல்லை. முத்து குளிரட்டும் என்று தாய்மார்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது உண்டு, அதைத்தான் செய்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். மறுநாள் பெரட்டில் அத்தனை பேர் முன்னால் ஐந்து தாய்மார்களையும் பிடிபிடியென்று பிடித்தேன். முதலில் மாட்டேன் என்றவள் என்பதால் பச்சையம்மாவுக்கு ஒரு பங்கு கூடுதல். மற்ற நாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பச்சையம்மா மட்டும் என்னை நேராகப் பார்த்தாள். "நான் ஊத்தலைங்கய்யா. எட்டு நாளா அந்தக் கையில தண்ணி படாம தூக்கிப் பிடிச்சிட்டுக் கிடந்தேன்."

பெரிய டாக்டர்

அந்த வாரமே கூலாய்ப் பக்கத் தோட்டம் ஒன்றில் பெரியம்மை கண்டிருப்பதாகச் செய்தி வந்தது. பெரிய டாக்டர் புது அம்மைப்பாலோடு வந்து இறங்கினார். அவர் வெள்ளைக்காரர். அவர் தமிழ் பேசினால் கேட்கிறவருக்குத்தான் காய்ச்சல் வரும். ஐந்து பிள்ளைக்கும் பிடிக்காததைச் சொல்லி, தாய்மார்களைப் பற்றியும் ஒரு பாட்டம் குறை சொன்னேன். அவர் தன் சட்டைக் கையைச் சுருட்டி நீட்டி, எப்படிக் குத்தினாய், செய்து காட்டு என்றார்.

நான் ஸ்பிரிட்டை நனைத்துத் துடைத்தேன், உடனே ஊசியை எடுத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஈரமாக மின்னிக்கொண்டிருந்த அந்த இடத்தைக் காட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்த ஸ்பிரிட் கிருமியைக் கொல்லுமோ அதுவே அம்மைப்பாலையும் கொல்லும். செத்த மருந்தைப் பார்த்து உடம்பு எதைக் கற்றுக்கொள்ளும்? காய்ந்த பிறகு குத்த வேண்டும், அல்லது பழையபடி சோப்புத் தண்ணீரோடு நிறுத்தியிருக்க வேண்டும். அவர் தன் தமிழில் ஒரே கேள்விதான் கேட்டார்: "மருந்து செத்துப் போச்சு. யார் கொன்னான்?"

மறுபடியும் பெரட்டு

திட்டினது பெரட்டில், அதனால் சொல்ல வேண்டியதும் பெரட்டில்தான். ஒப்புக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருந்தது, அதில் என்ன மறைக்க இருக்கிறது. கங்காணி பேர் கூப்பிடுமுன் முன்னால் போய் நின்றேன். "தப்பு இவங்க மேல இல்லை. என் மேலதான். மருந்தை நான்தான் கெடுத்தேன்" என்றேன். யாரோ பின்னால் சிரித்தார்கள். கொய்னா குடித்து வெறுத்த ஆளாக இருக்கும், நான் குற்றம் சொல்லவில்லை.

பச்சையம்மா வரிசையை விட்டு வந்தாள். நாலு வார்த்தை கேட்கப்போகிறாள் என்று தயாராகவே நின்றேன். "இன்னைக்கே மறுபடி குத்துங்கய்யா. திட்டுறதைப் பிறகு திட்டிக்கிறேன்" என்றாள்.

எட்டாம் நாள்

அன்றைக்கே ஐந்து பேருக்கும் சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவிட்டுக் குத்தினேன். மூன்றாம் நாள் காத்தானின் பங்காளி சின்னானுக்கு முகத்தில் முத்து போட்டுவிட்டது. கூலாய்ப் பக்கம் உறவு பார்க்கப் போய் வந்தவன். பக்கத்து அறைக்காரன். ஒழிந்த நேரமெல்லாம் செல்லாயியை மடியில் வைத்திருந்தவன். விரல் விட்டு நாளை எண்ணினேன். பெரியம்மை உள்ளே போய் வெளியே வரப் பன்னிரண்டு நாள் போல ஆகும். அம்மைப்பால் எட்டு நாளில் வேலையை முடித்துவிடும். பிடித்தால் பிள்ளை பிழைக்கும். மறுபடி பிடிக்காமல் போனால் மூன்றாம் தடவைக்கு நேரம் இருக்காது.

சின்னானைக் காட்டோரம் அத்தாப்பு ஓலைக் குடிசை போட்டுத் தனியாக வைத்தோம். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நான் யாரையும் கேட்கவில்லை. பச்சையம்மா பிள்ளையைக் காத்தானிடம் கொடுத்துவிட்டுத் தானாகவே குடிசைக்குப் போனாள். குறுக்கே கட்டின கயிற்றுக்கு இந்தப் பக்கம் நான் தினமும் கஞ்சியும் மருந்தும் வைப்பேன். அவள் தினமும் "பிடிச்சுதாங்கய்யா?" என்று ஒரே கேள்விதான் கேட்பாள். நானும் தினமும் "இன்னும் நாள் இருக்கு" என்பேன்.

எட்டாம் நாள் காத்தான் வீட்டில் செல்லாயியின் சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்தேன். கையில் ஒரு முத்து, நடுவில் குழி விழுந்து, சுற்றிலும் சிவந்து, அழகாக நின்றது. பிள்ளைக்கு உடம்பு கொஞ்சம் சுட்டது. காத்தான் ஏற்கெனவே வாசலில் வேப்பிலை கட்டியிருந்தான், இந்தத் தடவை நான் ஒன்றும் சொல்லவில்லை. குடிசைக்கு நடந்தேன் என்று சொன்னால் பொய். ஓடினேன். கயிற்றுக்கு அப்பால் நின்றவளிடம் "பிடிச்சிருச்சும்மா" என்றேன். அவள் குடிசைப் பக்கம் திரும்பி, உள்ளே படுத்திருந்த சின்னானிடமும் அதைச் சத்தமாகச் சொன்னாள்.

செல்லாயிக்கும், அதே போலப் பிடித்த மற்ற நாலு பிள்ளைகளுக்கும் அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. சின்னானும் முகத்தைக் கொடுத்துவிட்டு உயிரோடு எழுந்தான். அவனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, குடிசையைக் கொளுத்தின அன்று பச்சையம்மா ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாள். பாக்கி வைத்த திட்டு வருகிறது என்று நினைத்து, "என்னம்மா, திட்ட வந்தியா?" என்றேன்.

அவள் இல்லையென்று தலையசைத்தாள். "என் பையனுக்கும் ஊர்ல குத்துனாங்கய்யா. எட்டாம் நாள் கையைப் பார்க்க யாரும் வரலை."

உடம்பு ஒரே தடவையில் படித்துக்கொள்கிறது, டிரசர்தான் ஒவ்வொரு பிள்ளைக்கும் எட்டாம் நாள் போய்ப் படித்துவிட்டு வர வேண்டியிருக்கிறது.