இசக்கிமுத்து ஆசையைத் துறந்த கதை

பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனி. அங்கே செக்கிங் மேசைக்கு முன்னால் பதினான்கு வருடமாக நின்றுகொண்டே வேலை பார்த்தவர் இசக்கிமுத்து. ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஆள். பனியனை விளக்கடியில் விரித்தாரானால் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ அவர் கண்ணுக்குத் தப்பாது. பழுது இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவார். பழுதைச் சரிசெய்த பிறகுதான் அதை உரிக்க வேண்டும். சரிசெய்யாமலே உரித்துவிட்டுப் பெட்டிக்குள் தள்ளுகிறவர்களை அவர் விட்டதில்லை. "ஸ்டிக்கரப் பிச்சிட்டா ஓட்ட அடஞ்சிருமா?" என்று அவர் கேட்டுப் புதுப் பெண்கள் அழுததுண்டு. அழாமல் வேலை கற்றுக்கொண்டவள் அவர் ஊர்ப்பக்கத்து நதியா ஒருத்திதான்.

ஊரார் பழுதையெல்லாம் பார்த்த மனிதருக்குத் தன் பழுதைப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை, பாவம்.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. செக்கிங் இன்சார்ஜ் ஆக வேண்டும். இன்சார்ஜுக்கு நாற்காலி உண்டு. பதினான்கு வருடம் நின்றவருக்குத்தான் நாற்காலியின் அருமை தெரியும். பழைய இன்சார்ஜ் வேலையை விட்டுப் போனதும் அது மூன்று வாரம் காலியாகக் கிடந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இவர் அதைத் துணியால் துடைத்துவிட்டுப் போவார்.

அந்த நேரம் பார்த்துக் கம்பெனி சனிக்கிழமைகளில் தன்னையறியும் வகுப்பு ஒன்றை வைத்தது. டீயும் பன்னும் உண்டு என்பதால் கூட்டமும் உண்டு. ஆசையைக் கண்டுபிடித்துக் கைவிடுகிறவனே வளர்கிறான் என்றார், கோயம்புத்தூரிலிருந்து காரில் வந்த பயிற்சியாளர். வகுப்பை அடுத்த வருடமும் தனக்கே தரும்படி மேனேஜரிடம் அவர் மூன்று முறை கேட்டிருந்தார்.

அவரவர் ஆசையைச் சொல்லச் சொன்னார்கள். நதியா எழுந்து, இன்சார்ஜ் ஆக ஆசைப்படுகிறேன், அதைக் கைவிடுகிற எண்ணம் இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பயிற்சியாளர் முகம் சுளித்தார். பிள்ளை தன் வாயாலேயே கெட்டாள் என்று இசக்கிமுத்துவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. வேண்டாம் என்கிறவனைத்தான் பதவி தேடிவரும் என்பது அவர் நம்பிக்கை.

மேனேஜர் செங்கோட்டையன் முன்வரிசையில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு இசக்கிமுத்து எழுந்தார். சிவப்பு அம்பு ஒன்றை எடுத்து நெஞ்சில் ஒட்டினார். "இங்ஙன ஒரு பழுது இருந்துச்சு. இன்சார்ஜ் ஆசை. இன்னையோட போச்சு" என்று சொல்லி அதை உரித்துக் கசக்கி எறிந்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை அந்த நாற்காலியில் நதியா உட்கார்ந்திருந்தாள்.

இசக்கிமுத்து மேனேஜர் அறையில் போய் நின்றார். அவரோ எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க பேரைத்தானுங்க எழுதி வெச்சிருந்தேன். நீங்களே வேண்டாம்னு சொன்ன பொறகு உங்க மனசக் கெடுக்கலாமுங்களா?"

இசக்கிமுத்து, ஆசையில்லாதவர் சிரிக்க வேண்டிய விதத்தில் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

வியாழக்கிழமை காலை நதியா அவர் மேசைக்கு வந்தாள். அவிநாசிபாளையத்தில் இருக்கும் கம்பெனியின் இன்னொரு யூனிட்டுக்கும் இன்சார்ஜ் தேவைப்படுகிறதாம். அவர் சரி என்றால் மேனேஜரிடம் தானே பேசுவதாகச் சொன்னாள். வேணும் என்ற சொல் அவர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் சுற்றிலும் பத்துப் பேர் வேலையை நிறுத்திவிட்டு, ஆசையை வென்ற மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கெதுக்குப் பிள்ள அதெல்லாம்" என்றார்.

அவர் பனியனைப் பார்ப்பாரே, அப்படி அவரைப் பார்த்தாள் நதியா. பிறகு ஒரு சிவப்பு அம்பை எடுத்து அவர் சட்டைப்பையின் மேல் ஒட்டினாள். "சரிபண்ணிட்டு வாங்க அண்ணாச்சி. அப்புறமா உரிக்கேன்."

அன்று முழுக்க அவர் அதில் கைவைக்கவில்லை. அவர் போட்ட சட்டம்தானே அது. ஸ்டிக்கரோடுதான் டீ குடித்தார், ஸ்டிக்கரோடுதான் சாப்பிட்டார். சாயங்காலம் எல்லோரும் கம்பெனி வேனில் ஏறிய பிறகு திரும்பி வந்து நதியாவின் முன்னால் நின்றார்.

"வேணும் பிள்ள. மொதல்லருந்தே வேணும். அந்த நாக்காலியத் தெனமும் தொடச்சது நான்தான்."

நதியா உடனே மேனேஜருக்குப் போன் போட்டாள். மத்தியானமே வேறு ஒருவரைப் போட்டாயிற்றாம். அதை அவரிடம் சொல்லிவிட்டு, சட்டை கிழியாமல் ஸ்டிக்கரை மெதுவாக உரித்தாள்.

வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தார். இசக்கிமுத்து கதவுவரை போய் நின்றார்.

"அடுத்த தடவ கேட்டா, பத்துப் பேரு இல்லாதப்ப கேளு பிள்ள" என்றார்.